தலைமை இல்லாத இடத்தில் பங்கு வைப்பது யார்?

தலைமை என்ற சொல்லைப் பெண்ணியம் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்துவந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு தலைவன், சாதிக்கு ஒரு தலைவன், கட்சிக்கும் சங்கத்துக்கும் ஒரு தலைவன் என்று வரிசையாக ஆண்கள் நிற்கும் உலகத்தில், அந்த இருக்கையில் ஒரு பெண்ணை உட்காரவைத்தால் போதுமா, இருக்கையையே எடுத்துவிட வேண்டுமா என்ற கேள்வி நம் இயக்கங்களில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. எடுத்துவிட வேண்டும் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. தலைமை போனாலும் வேலை போவதில்லை. கூட்டத்துக்கு இடம் பிடிக்க வேண்டும், துண்டறிக்கை அச்சாக வேண்டும், வந்தவர்களுக்குத் தேநீர் வேண்டும், கடைசியில் யாராவது நாற்காலிகளை அடுக்கிவைத்துக் கதவைப் பூட்டிச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். ஏவுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் இந்த வேலை யாரிடம் போய்ச் சேர்கிறது? சேர்ந்தது நியாயமாகச் சேர்ந்ததா?

இந்தக் கேள்வியை நாற்பது ஆண்டுகளாக விடாப்பிடியாகக் கேட்டுவருகிறவர்கள், நாம் எதிர்பார்க்காத இடத்தில் இருக்கிறார்கள். பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்கும் பொறியியலாளர்கள் அவர்கள். அவர்களுக்குப் பெண்ணியம் பற்றிய அக்கறை இருந்ததால் அல்ல. இயந்திரங்கள் பழுதாகின்றன, வலையமைப்பு அறுந்துபோகிறது, வேலை நிற்கக் கூடாது என்பதால் இந்தக் கேள்வி அவர்களுக்கு வந்தது. நாம் அவர்களைப் படிப்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கணினிக்குக் கூச்சம் கிடையாது. “பரவாயில்லை, நானே செய்துவிடுகிறேன்” என்று அது சொல்லாது. வீட்டிலும் அமைப்பிலும் நாம் பாசம், பழக்கம், பொறுப்புணர்வு என்ற பெயர்களால் மூடிவைக்கும் இடைவெளிகளை எல்லாம் கணினிக்காக வெளிப்படையாக, விதியாக எழுதித் தீர வேண்டும். எழுதியதும் அவை கண்ணுக்குத் தெரிகின்றன.

மையத்தில் ஒருவர்

ஒரு தரவு மையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் இருக்கும். ஒரு நொடிக்கு எண்ணற்ற சிறு வேலைகள் வந்துகொண்டே இருக்கும். எந்த வேலையை எந்தக் கணினி செய்வது என்று முடிவு செய்யும் நிரலுக்கு ஷெட்யூலர் என்று பெயர். தமிழில் பங்கீட்டாளர் என்று வைத்துக்கொள்வோம். எளிய ஏற்பாடு, ஒரே ஒரு பங்கீட்டாளரை நடுவில் உட்காரவைப்பது. எல்லாக் கணினிகளும் தம் நிலையை அதனிடம் சொல்லும்; அது பார்த்துப் பங்கு வைக்கும். எல்லாம் தெரிந்த ஒருவர் முடிவெடுப்பதால் பங்கீடு நன்றாகவே அமையும்.

இதில் இரண்டு தொல்லைகள். வேலைகள் பெருகும்போது அந்த ஒருவர் முன்னால் நீண்ட வரிசை நிற்கும். வேலை செய்ய ஆள் இருந்தும், சொல்ல ஆள் ஓயாததால் எல்லாரும் காத்திருப்பார்கள். அடுத்தது, அந்த ஒருவர் விழுந்தால் மொத்தமும் விழும். நம் அம்மா காய்ச்சலில் படுத்த நாளில் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் இது புரிந்துவிடும்.

விழுந்தால் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. 2014இல் டியாகோ ஒங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் வெளியிட்ட ராஃப்ட் என்ற நெறிமுறை இதை அழகாகச் செய்கிறது. தலைமைக் கணினி குறிப்பிட்ட இடைவெளியில் மற்றவற்றுக்கு ஒரு சிறு செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் இதயத் துடிப்பு. துடிப்பு வராமல் நேரம் கடந்தால், ஏதாவது ஒரு கணினி தானே வேட்பாளராக நின்று வாக்குக் கேட்கும். பாதிக்கு மேல் வாக்குக் கிடைத்தால் அது புதிய தலைமை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பதவிக்கால எண் உண்டு. அந்த எண் ஏறிக்கொண்டே போகும். பழுதாகிக் கிடந்த பழைய தலைமை மீண்டு வந்து அதிகாரம் செய்யப் பார்த்தால், தன்னுடையதைவிடப் பெரிய எண் ஒன்று புழக்கத்தில் இருப்பதைக் கண்டவுடனே, எந்த வாதமும் இல்லாமல் சாதாரண உறுப்பினராக இறங்கிவிட வேண்டும். அரசியலில் நான் பார்த்த எந்தத் தலைவரும் இவ்வளவு நாகரிகமாக இறங்கியதில்லை.

ரேடியா பெர்ல்மன் 1985இல் வெளியிட்ட முறை இன்னும் சுவையானது. வலையமைப்பில் செய்திகள் சுற்றிச் சுற்றி வட்டமடித்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, இணைப்புகளில் சிலவற்றை ஓயவைத்து மீதியை ஒரு மரம்போல ஆக்கிக்கொள்ளும் வழி அது. மரத்துக்கு ஒரு வேர் வேண்டுமல்லவா? யார் வேர்? அடையாள எண்களில் மிகச் சிறிய எண் யாருடையதோ அவரே. திறமை, வேகம், அனுபவம் எதுவும் கணக்கில் இல்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவுகோல் வேண்டும், அவ்வளவுதான். வேர் போய்விட்டால் மரம் தானாக மறுபடி அமையும். அந்த ஆய்வுக் கட்டுரையில் அவர் ஒரு கவிதையையும் எழுதிச் சேர்த்தார் என்பது, கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்த முறையில் என்னைக் கவர்ந்தது, வேராக இருப்பது ஒரு பெருமையாக இல்லாமல் இருப்பது. தலைமையைத் தகுதியோடு கட்டிவைத்திருப்பதால்தான் தலைமையை இழப்பது அவமானமாகிறது. அவமானமாவதால்தான் யாரும் விடுவதில்லை.

ஆனால் தேர்தலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதே 1985இல் நான்சி லின்ச், மைக்கேல் ஃபிஷர், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் ஒரு முடிவை நிறுவினார்கள். செய்தி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத ஒரு வலையமைப்பில், ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்ற நிலை இருந்தாலே போதும், எல்லாரும் எப்போதும் கட்டாயம் ஒருமித்த முடிவுக்கு வந்துசேர்வார்கள் என்று உறுதி தரும் நிலையான நெறிமுறை எதுவும் இருக்க முடியாது. கணிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அதன் அடியில் இருக்கும் சிக்கலைப் பாருங்கள். பதில் வராத ஒருவர் செத்துப்போனாரா, மெதுவாக வந்துகொண்டிருக்கிறாரா என்று தொலைவில் இருக்கும் மற்றவரால் சொல்ல முடியாது. மௌனத்துக்குப் பொருள் கொள்ள முடியாது என்பதை ஒரு பெண் உட்பட மூன்று கணித அறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். மௌனத்தைச் சம்மதம் என்று பொருள்கொண்டே பழகிய சமூகத்தில் இதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

நடைமுறையில் ராஃப்ட் போன்றவை கால வரம்பு வைத்துச் சமாளிக்கின்றன. இவ்வளவு நேரம் வரைக்கும் பார்ப்போம், பிறகு வேறு ஏற்பாடு என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதுதான் கால வரம்பு. அது உண்மையைக் கண்டுபிடிக்காது. காத்திருப்பவர்களைக் காலமெல்லாம் காத்திருக்க விடாது, அவ்வளவுதான்.

யாரும் ஏவாமல்

தலைமையே இல்லாமல் பங்கு வைக்கும் முறைகளுக்கு வருகிறேன். மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றிலும் ஒரு அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது.

முதலாவதற்கு ‘வேலைத் திருட்டு’ என்று பெயர். ராபர்ட் புளூமோஃப், சார்லஸ் லீசர்சன் இருவரும் 1990களில் இதன் கணிதத்தை எழுதினார்கள். பழைய முறையில், வேலை குவிந்துகிடக்கும் செயலிதான் தன் சுமையை இறக்கிவைக்க ஆள் தேட வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறுபவருக்கு இன்னொரு வேலை, உதவி கேட்கும் வேலை. வேலைத் திருட்டில் இது தலைகீழாகிறது. ஓய்ந்திருக்கும் செயலி தானே எழுந்து, ஏதாவது ஒரு செயலியைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து, அதன் வரிசையில் வேலை கிடக்கிறதா என்று பார்த்து, எடுத்துக்கொண்டு வர வேண்டும். அங்கே இல்லை என்றால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். எல்லாரும் வேலையில் மூழ்கியிருக்கும்போது யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. தேடும் சுமை முழுக்க முழுக்க ஓய்வில் இருப்பவருடையது.

இதில் இன்னொரு நுணுக்கம். ஒவ்வொரு செயலியும் தன் வேலைகளை அடுக்காக வைத்துக்கொண்டு, கடைசியாக வந்ததை முதலில் எடுத்துச் செய்யும். திருட வருபவர் அடுக்கின் மறுமுனையிலிருந்து, அதாவது நெடுநாள் கிடக்கும் வேலையை எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் பெரிய வேலையாக இருக்கும். அதன் வயிற்றுக்குள் பல சிறு வேலைகள் இருக்கும். எடுத்துக்கொண்டவர் அதை முழுதாகத் தன்னுடையதாக்கிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து “அடுத்து என்ன?” என்று கேட்க வேண்டியிருக்காது.

இரண்டாவது, இரண்டு பேரைக் கேட்பது. ஆயிரம் கூடைகள் இருக்கின்றன, ஆயிரம் பந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோம். சில கூடைகள் காலியாகக் கிடக்கும், சிலவற்றில் குவிந்துவிடும். இப்போது ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது இரண்டு கூடைகளை மட்டும் எட்டிப்பார்த்து, அந்த இரண்டில் குறைவாக இருப்பதில் போடுங்கள். குவியல் வியக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இரண்டுக்குப் பதில் மூன்றைப் பார்த்தால் அதற்குமேல் பெரிய லாபம் இல்லை. 1990களில் இதை நிறுவியவர்களில் ஒருவரான மைக்கேல் மிட்ஸென்மேக்கரின் முனைவர் பட்ட ஆய்வு, இதை ‘இரண்டு தேர்வுகளின் வலிமை’ என்று அழைத்தது. எல்லாருடைய நிலையும் தெரிந்த ஒருவர் நடுவில் தேவையில்லை. கொடுப்பதற்கு முன் இன்னும் ஒரே ஒருவரை விசாரித்தால் போதும். கல்லூரியிலோ அலுவலகத்திலோ ஒரு வேலை வந்தால் முதலில் நினைவுக்கு வருகிற, மறுக்காத அந்த ஒரே பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நம் வழக்கம். கொடுப்பதற்கு முன் இன்னொருவர் மேசையை எட்டிப்பார்ப்பதற்கு எந்தப் புரட்சியும் தேவையில்லை.

மூன்றாவது, 2013இல் கே ஆஸ்டர்ஹவுட் என்ற பெண்ணும் அவருடைய பெர்க்லி பல்கலைக்கழகக் கூட்டாளிகளும் உருவாக்கிய ஸ்பாரோ. சிட்டுக்குருவி என்று பொருள். இதில் பல பங்கீட்டாளர்கள் இருப்பார்கள். ஒருவருக்கு மற்றவர் என்ன செய்கிறார் என்று தெரியாது. இரண்டு கூடைகளை எட்டிப்பார்க்கும் யோசனையைத்தான் இவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் ஒரு குறையைக் கண்டார்கள். வரிசையில் எத்தனை வேலை நிற்கிறது என்ற எண்ணிக்கை, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டே வேலைகள் நிற்கும் வரிசையில் அந்த இரண்டும் மலையாக இருக்கலாம். ஆகவே அவர்கள் வேலையைக் கையில் கொடுப்பதைத் தள்ளிப்போட்டார்கள். பல கணினிகளிடம் “உன் வரிசையில் எனக்கு ஓர் இடம் பிடித்துவை” என்று மட்டும் சொல்வது; எந்தக் கணினிக்கு அந்த இடம் உண்மையாகவே முதலில் வருகிறதோ, அது “இப்போது நான் தயார், வேலையைக் கொடு” என்று கேட்கும்போது கொடுப்பது. 110 கணினிகளில் சோதித்துப் பார்த்தபோது, எல்லாம் அறிந்த ஓர் இலட்சியப் பங்கீட்டாளர் இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய நேரத்தைவிட 12 சதவீதத்துக்குள்தான் கூடுதலாக ஆனது. தலைமை இல்லாததன் விலை அவ்வளவுதான்.

எண்ணிக்கை வேறு, பாரம் வேறு என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். “நான் குப்பையைக் கொட்டுகிறேன், கரண்ட் பில் கட்டுகிறேன், வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிறேன், நீ சமைக்கிறாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாய்” என்று ஒரு கணவன் விரல்விட்டு எண்ணினால் கணக்கில் அவன்தான் முன்னால் நிற்பான்.

அமைப்பில்லாமல் என்பது வேறு

இங்கே நிறுத்தி ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று முறைகளிலும் தலைமை இல்லை. விதி இல்லாமல் இல்லை. உண்மையில், தலைவர் இருக்கும் ஏற்பாட்டைவிட இவற்றில்தான் விதி கூடுதல். யார் தேட வேண்டும், எந்த முனையிலிருந்து எடுக்க வேண்டும், எத்தனை பேரைக் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டு, ஒவ்வொரு கணினியிலும் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. தலைவர் தலையில் இருந்தது எல்லார் கைக்கும் வந்திருக்கிறது.

இதை நம் இயக்கத்துக்குள் அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970இலேயே சொல்லிவிட்டார். மிசிசிப்பியில் ஒரு கூட்டத்தில் பேசி, 1972இல் ‘ஜோரீன்’ என்ற பெயரில் அச்சிட்ட ‘அமைப்பின்மையின் கொடுங்கோன்மை’ என்ற கட்டுரை அது. அக்காலப் பெண் விடுதலைக் குழுக்கள் தலைவி வேண்டாம், விதி வேண்டாம், எல்லாரும் சமம் என்று இயங்கின. ஃப்ரீமன் காட்டியது இதுதான்: அமைப்பில்லாத குழு என்று ஒன்று கிடையாது. எழுதிய விதி இல்லாத இடத்தில் எழுதாத விதி ஆட்சி செய்கிறது. அதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் ஏற்கெனவே நட்பில் இணைந்த ஒரு சிறு வட்டம். அந்த வட்டத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகையால் யாரும் நீக்கவும் முடியாது. கேள்வி கேட்டால் “இங்கே தலைவியே இல்லையே” என்று பதில் வரும். அவர் தலைவியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பொறுப்பை வெளிப்படையாக ஒப்படைப்பது, அதற்குக் கணக்குக் கேட்பது, வேலைகளைச் சுழற்சியில் விடுவது, தகவலை எல்லாருக்கும் அடிக்கடி தருவது என்று வழிகளைப் பட்டியலிட்டார்.

இந்தக் கட்டுரையை நான் முதலில் படித்த காலத்தில் ஒரு பெண்கள் வாசிப்பு வட்டத்தில் இருந்தேன். அங்கேயும் தலைவி கிடையாது. ஆனால் மாதா மாதம் எல்லாருக்கும் போன் போட்டு நினைவூட்டியவர் ஒரே ஒருவர். புத்தகத்தின் நகல் எடுத்துவந்தவரும் அவரே. என்ன புத்தகம் படிப்பது என்பதை முடிவு செய்தவர்கள் வேறு மூன்று பேர். அவர்கள் நகரத்தில், நல்ல வேலையில், ஒருவருக்கொருவர் வீட்டில் போய்ச் சாப்பிடும் நெருக்கத்தில் இருந்தவர்கள். நகல் எடுத்தவர் ஒருநாள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வட்டம் அத்தோடு நின்றுபோனது. அவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டியது யாருடைய வேலை என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பொறியியலாளர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘காசிப்’. வம்பு. 1987இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ஆலன் டெமர்ஸும் கூட்டாளிகளும் எழுதிய முறை இது. ஒவ்வொரு கணினியும் சிறு இடைவெளியில் ஏதாவது ஒரு கணினியிடம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும், அதற்குத் தெரிந்ததைக் கேட்கும். சில சுற்றுகளில் யார் இருக்கிறார்கள், யார் காணவில்லை என்ற செய்தி எல்லாருக்கும் பரவிவிடும். அறிவிப்புப் பலகையும் இல்லை, அறிவிப்பாளரும் இல்லை. அமேசான் 2007இல் விவரித்த டைனமோ என்ற தலைமையற்ற தரவுக் களஞ்சியமும் இப்படித்தான் தன் உறுப்பினர்களைத் தெரிந்துகொண்டது. நம் அக இலக்கியம் இதற்கு அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் வைத்திருக்கிறது. சிலர் மட்டும் முணுமுணுப்பது அம்பல், ஊரெல்லாம் மலர்ந்துவிடுவது அலர். இரண்டையும் பெண்களின் வாயோடு சேர்த்தே இழிவாகப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் எந்தப் பேராசிரியரின் அறைக்குத் தனியாகப் போகக் கூடாது என்பதை மாணவிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்துகொண்டது எந்தச் சுற்றறிக்கையிலிருந்தும் இல்லை.

தலைவியின் தலையில்

இப்போது வீட்டுக்கு வரலாம். வீட்டில் தலைமை யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பதில் சுலபமாக இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்காக வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையாக வருகிறது. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்று சொன்னது சிறிய காரியம் இல்லை. அதே சமயம், அந்தத் தலைவி எதற்குத் தலைவி என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நிலத்தை விற்பதா, மகளை எங்கே கட்டிக்கொடுப்பது என்பதிலெல்லாம் பல வீடுகளில் அவர் சொல் கடைசிச் சொல்லாக இருப்பதில்லை. எண்ணெய் தீரப்போகிறது, பால்காரருக்குப் பாக்கி, மாமியாருக்கு மாத்திரை இன்னும் இரண்டு நாளைக்குத்தான் என்பதில் மட்டும் அவர்தான் முழுத் தலைமை.

தரவு மையத்தின் பங்கீட்டாளர் வேலையைப் பங்கிடும், வேலையைச் செய்யாது. அதன் சொல்லுக்கு மறுப்பும் கிடையாது. வீட்டுப் பங்கீட்டாளரோ பங்கிட வேண்டும், பங்கிட்டதில் பெரும்பகுதியைத் தானே செய்ய வேண்டும், சொன்னதை மற்றவர் செய்யாவிட்டால் கேட்கவும் முடியாது. அதிகாரமற்ற மையம் இது. எமா என்ற பிரெஞ்சு ஓவியர் 2017இல் வரைந்த ‘கேட்டிருக்கலாமே’ என்ற சித்திரக்கதை உலகம் முழுக்கச் சுற்றியதற்குக் காரணம், அந்தத் தலைப்பை எல்லா மொழிகளிலும் எல்லாப் பெண்களும் கேட்டிருந்ததுதான். நம் வீட்டில் அது “சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே” என்று வரும். வேலைத் திருட்டு முறையில் இந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. ஓய்ந்திருப்பவர் எழுந்துவந்து பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. சொல்லவில்லை என்பது அங்கே சாக்காகாது. மேலும் அவர் நெடுநாள் கிடக்கும் பெரிய வேலையை முழுதாக எடுத்துக்கொள்ள வேண்டும். காய் நறுக்கித் தருவது உதவி. வாரத்தில் மூன்று நாள் இரவுச் சாப்பாடு என்ன என்று யோசிப்பதிலிருந்து பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதுவரை எடுத்துக்கொள்வதுதான் பங்கு.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பாலை அடுப்பில் வைத்துக்கொண்டே நாளைய நாளை மனதில் அடுக்கும் நேரம் எந்த நிமிடக் கணக்கிலும் முழுதாக அடங்காது.

இயந்திரம் சொல்லித்தராதவை

ஆனால் கணினியை நமக்கு ஆசானாக்கிவிட வேண்டாம். இந்த முறைகள் பெரும்பாலும் எல்லாக் கணினிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி, எல்லாமே உண்மை பேசும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. பொய் சொல்லும் கணினியைச் சமாளிக்கவும் வழி உண்டு. 1999இல் மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் அதற்கு நடைமுறையில் பயன்படக்கூடிய ஒரு முறையைத் தந்தார்கள். ஒரு பொய்யரைத் தாங்க மொத்தம் நான்கு பேர் வேண்டும் என்பது அதன் கணக்கு. வீட்டிலோ பெரும்பாலும் இரண்டே பேர். வேண்டுமென்றே சாதத்தைக் குழையவிட்டு, இனி நீ சமையலறைப் பக்கம் வராதே என்று சொல்லவைத்துத் தப்பித்துக்கொள்ளும் ஆளைப் பிடிக்க எந்த நெறிமுறையும் இல்லை. அதேபோல, சீக்கிரம் முடிப்பவரின் வரிசை எப்போதும் குறுகியே இருக்கும். குறுகிய வரிசைக்கே அடுத்த வேலை போகும். கணினியில் இது திறன். மனுஷிக்கு இது தண்டனை. வேகமாகவும் ஒழுங்காகவும் செய்ததற்குப் பரிசாக இன்னும் வேலை பெற்றவர்கள் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்குத் தேவையில்லை.

இதைவிட ஆழமான ஒன்றும் இருக்கிறது. அந்தத் துறையில் நியாயம் என்ற சொல் உண்டு. 2011இல் பெர்க்லியிலிருந்து வந்த ஒரு பங்கீட்டு முறை, யாரும் பிறர் பங்கைப் பார்த்துப் பொறாமைப்பட இடமிருக்கக் கூடாது, பொய் சொல்லி யாரும் கூடுதலாகப் பெறக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை வைத்தது. யாருக்கிடையே இந்த நியாயம்? கணினியைப் பயன்படுத்துகிறவர்களுக்கிடையே. உழைக்கும் கணினிகளுக்கிடையே சுமையைச் சமமாக்குவது வேகத்துக்காகத்தான், கணினிக்காக அல்ல. இயந்திரத்தைப் பொறுத்தவரை இதில் தவறில்லை, அதற்கு வலிக்காது. ஆனால் நம் வீடுகளிலும் நியாயம் இந்த வடிவத்தில்தான் இருந்துவந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக மீன்துண்டு வைத்த அம்மாவின் நியாயத்தைப் புகழ்கிறோம். அந்த மீனை யார் ஆய்ந்தது என்ற கேள்வி நியாயத்தின் எல்லைக்குள் வருவதில்லை. உணவு விநியோகச் செயலிகள் இன்று உழைப்பவர்களைப் பங்காளிகள் என்று அழைத்துக்கொண்டே, யாருக்கு எந்த வேலை என்பதைத் தங்கள் சர்வரிலேயே தீர்மானிக்கும்போதும் அதே ஏற்பாடுதான். சாப்பாடு சரியான நேரத்துக்கு வந்ததா என்பது அளக்கப்படுகிறது. கொண்டுவந்தவர் சாப்பிட்டாரா என்பது எதிலும் பதிவதில்லை.

ஆகவே, ஓர் அமைப்பில் தலைமை இருக்கிறதா இல்லையா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. தேடும் வேலை யாருடையது, திணறுபவருடையதா, ஓய்ந்திருப்பவருடையதா? கணக்கில் எடுக்கப்படுவது வேலைகளின் எண்ணிக்கையா, பாரமா? ஒருவர் மௌனமானால் எத்தனை நாளுக்குள், யார் போய் விசாரிப்பது? இவற்றுக்குப் பதில் தாளில் எழுதி, குழுவில் எல்லார் கையிலும் இருக்கிறதா? தலைவி இல்லாத பெண்கள் குழுக்கள் வேண்டும் என்றே விரும்புகிறேன்; அவை இந்தத் தாளோடு தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன். எழுதுவது உறவுகளைக் குளிரவைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எழுதாமல் விட்ட இடங்களில்தான் பாசத்தின் பெயரால் ஒருத்தியே எல்லாவற்றையும் சுமந்தாள் என்பது நம்மிடம் உள்ள பதில்.

கணினிக்கும் நமக்கும் உள்ள கடைசி வேறுபாடும் இங்கேதான். கணினி தன் நெறிமுறையை எழுதிக்கொள்வதில்லை. வெளியிலிருந்து ஒருவர் எழுதிக்கொடுக்கிறார். தலைமை இல்லாத ஆயிரம் இயந்திரங்களும் வெளியில் இருக்கும் அந்த ஒருவரின் சொல்லுக்கு ஆயிரம் முறை கட்டுப்படுகின்றன. நமக்கும் நெடுங்காலமாக வெளியிலிருந்துதான் எழுதிக்கொடுத்தார்கள். நாம் எழுதும் தாளில் கடைசி வரியாக, இதைத் திருத்தும் உரிமை வேலை செய்கிறவர்களுக்கே என்று ஒரு விதி இருக்க வேண்டும். அந்தத் தாளை நகல் எடுக்கும் முறை இந்த மாதம் யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.